‘இல்லை’ சொல்லத் தெரியாத லேண்ட்லைன்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் கட்டுரை எழுதுகிற ஆள் இல்லை. பத்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ‘புண்ணாக்கு 2, தவிடு 1, உப்புக்கட்டி 4’ என்கிற அளவில்தான். ஒரு வாக்கியம் என்றால் அதற்கு முடிவு வேண்டும் என்பதே இதை எழுத உட்கார்ந்தபோதுதான் ஞாபகம் வந்தது.

எழுத வேண்டிய அவசியம் இப்படி வந்தது. என் மகள் தர்ஷினி படிக்கிற பள்ளியில் பெற்றோர் கூட்டம். பிள்ளைகள் கையில் செல்போன் கொடுக்காதீர்கள் என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு அம்மா எழுந்து, “அதுக்குப் பதிலா பழையபடி லேண்ட்லைன் வச்சுக் குடுத்தா சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்குமா? யாராவது வச்சுப் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டார். அந்த அறையில் வைத்துப் பார்த்த ஒரே ஆள் நான். கையைத் தூக்கினேன். டீச்சர் என் பக்கம் திரும்பியதும், தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு இறக்கிவிட்டேன். (நாலு பேருக்கு முன்னால் பேசச் சொன்னாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அங்கே நாற்பது பேர் இருந்தார்கள்.) வாயால் சொல்ல முடியாததைக் காகிதத்திலாவது சொல்லிவிடலாம் என்றுதான் இது.

அந்த அம்மாவுக்கு என் பதில்: பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். எங்கள் வீட்டில் பிடித்துத் தொலைத்ததுதான் சிக்கலே.

கோவில்பட்டியில் எனக்கு மாட்டுத் தீவனக் கடை. முன்னால் கடை, நடுவில் இருட்டாக ஒரு நடை, பின்னால் வீடு. ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர் ஒருவர் செவ்வாயும் வெள்ளியும் காலையில் மட்டும் கடையில் வந்து உட்காருவார். அன்றைக்குக் கடை வாசலில் ஆடும் மாடுமாக நிற்கும். மற்ற நாட்களில் நானும் மூட்டைகளும்தான்.

தர்ஷினிக்கு ஆறு வயது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்தவள். கேட்டு நாங்கள் மறுத்தது எதுவும் கிடையாது. அதனால் என் செல்போன் அவளுடையதாகிவிட்டது. அது இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது. என் மனைவி கனகா ஒருநாள் அதைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கடை வியாபாரத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன். “நீங்க என்னைக்கு போன எடுத்துப் பேசியிருக்கீங்க?” என்றாள். உண்மைதான். அடிக்கிற போனைப் பார்த்துக்கொண்டே நின்று, அது அடங்கிய பிறகு பெருமூச்சு விடுகிற ஆள் நான்.

வீட்டுக்கு இன்டர்நெட் இழுக்க வந்தவர், “லேண்ட்லைன் நம்பரும் சேந்தே வருது அண்ணாச்சி, போன் மட்டும் நீங்க வாங்கிக்கிடுங்க” என்று சொல்லிப் போயிருந்தார். எனக்கு யோசனை உதித்தது. (என் யோசனைகள் உதிக்கும்போது நன்றாகத்தான் இருக்கும்.) பஜாரில் நாலு எலக்ட்ரிக் கடை ஏறி இறங்கி, சுருள் ஒயர் வைத்த சிவப்பு போன் ஒன்றைப் பிடித்தேன். கடைக்காரர் தூசியைத் தட்டிக் கொடுத்துவிட்டு, “எதுக்கு அண்ணாச்சி, நாடகத்துக்கா?” என்று கேட்டார். அதை நடையில், பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு பலகை அடித்து வைத்தேன்.

முதல் நாள் அவள் அதை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“அப்பா, இதுல மூஞ்சி எங்கன தெரியும்?”

“தெரியாதுட்டி. காதுல வச்சுக் கேக்கணும்.”

“அப்ப சித்திக்கு என் பல்ல எப்படிக் காட்ட?”

அவளுக்கு முன்பல் விழுந்திருந்த சமயம். சாத்தூரில் இருக்கிற சித்திக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். பேசுகிற பக்கத்தை வாய்க்கு நேரே பிடித்து, ஈ என்று இளித்துக்கொண்டு அரை நிமிஷம் நின்றாள். அந்தப் பக்கம் சித்தி “ஹலோ, ஹலோ” என்று கத்திக்கொண்டிருந்தாள். எது கேட்டாலும் இவள் தலையை ஆட்டினாள். செல்போனில் படம் பார்த்தே பேசிப் பழகியதால், தலையாட்டினால் தெரியும் என்று நினைப்பு.

இரண்டே நாள். பிறகு அதை விட்டு அவளைப் பிரிக்க முடியவில்லை. மணி அடித்தால் தட்டில் சோறு கிடக்க ஓடுவாள். யார் கூப்பிடுகிறார்கள் என்று எடுக்கிற வரைக்கும் தெரியாது அல்லவா, அதுதான் அவளுக்குப் பெரிய ருசி. சுருள் ஒயரை இடுப்பில் சுற்றிக்கொள்வாள். பேசி முடித்து ரிசீவரைப் பெட்டியில் வைக்கும்போது வருகிற ‘டக்’ சத்தத்துக்காகவே சித்தியை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிடுவாள். “சித்தி, வச்சிரட்டா?” என்பாள். டக். அவ்வளவுதான் பேச்சு.

என் மூளை அதோடு நிற்கவில்லை. அந்த நம்பரை ரப்பர் ஸ்டாம்பு அடித்து, கடைப் பைகளில் எல்லாம் குத்தி அனுப்பினேன். மணி அடித்தால் மகள் எடுப்பாள், நான் போனைத் தொடவே வேண்டாம். நாற்பத்தேழு வயது ஆம்பிளை, ஆறு வயதுப் பிள்ளையின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள ஏற்பாடு செய்த கதை இது.

முதல் வாரமே ஒருவர் தவிடு கேட்டுக் கூப்பிட்டிருக்கிறார். இவள், “எங்க கடையில ஒண்ணுமே இல்லை” என்று சொல்லி டக் என்று வைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்த ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கடையக் காலி பண்ணிட்டீயளாமே அண்ணாச்சி, என்ன கஷ்டம்?” என்று கேட்டார்.

எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் ‘இல்லை’ என்ற வார்த்தையைக் கல்லாவில் உட்கார்ந்து சொல்வதில்லை. சரக்கு தீர்ந்திருந்தால் ‘நாளைக்கு வருது’ என்போம். வீட்டில் அரிசி தீர்ந்தால்கூட ‘நிறைஞ்சிருக்கு’ என்றுதான் சொல்வது. அன்றைக்கு ராத்திரியே மகளை உட்கார வைத்து இரண்டு சட்டம் போட்டேன். ஒன்று, போனில் தலையாட்டக் கூடாது, வாயால் சொல்ல வேண்டும். இரண்டு, போனில் ‘இல்லை’ என்ற வார்த்தையே வரக் கூடாது.

“அப்ப இல்லைன்னா என்ன சொல்லணும்?”

“இருக்குன்னு சொல்லு. மிச்சத்த அப்பா பாத்துக்கிடுதேன்.”

மிச்சத்தை அப்பா எப்படிப் பார்த்தேன் என்று இனிமேல் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கனகா தன் அக்கா பேத்திக்குக் காதுகுத்து என்று சாத்தூர் போயிருந்தாள். பிள்ளைக்கு இருமல், அதனால் என்னோடு விட்டுப் போனாள். பீரோ சாவி அவள் இடுப்பில் போய்விட்டது. காலை பதினொரு மணிக்கு லாரியில் பருத்தி விதை வந்து இறங்கிக்கொண்டிருந்தது. நடையில் மணி அடித்தது. நான் வழக்கம்போல மூட்டைகளை எண்ணுவதில் மும்முரமானேன். இரண்டு நிமிஷம் கழித்துத் தர்ஷினி வந்தாள்.

“அப்பா, ஒரு பெரியம்மா பேசுனாவ.”

“என்னவாம்?”

“வாராவளாம்.”

“வரட்டும்.”

இவ்வளவுதான் நான் விசாரித்தது.

மதியம் ஒரு மணி இருக்கும். வெயில் தெருவைக் காலி செய்திருந்தது. மூட்டைகளை அடுக்கிவிட்டு சட்டையைக் கழற்றப் போனேன், ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் குதித்து இறங்கினார். வலது உள்ளங்கை முழுக்கத் துணிக் கட்டு. பின்னால் சாக்கு விரித்து ஒரு ஆடு படுத்திருந்தது. கறுப்பு உடம்பு, முகத்தில் மட்டும் இரண்டு வெள்ளைக் கோடு. நிறை சினை. கழுத்தை நீட்டி, பல்லைக் கடித்து ஒருமாதிரி முனகிக்கொண்டிருந்தது.

“டாக்டர் உள்ள இருக்காவளா அண்ணாச்சி?”

எனக்குப் புரியவில்லை. “எந்த டாக்டரு?”

“உங்க கடை டாக்டருதான். காலைல போன் போட்டேம்லா. புதூருக்கு அங்கிட்டுல இருந்து வாரேன், சண்முகத்தாயி. டாக்டர் இருக்காவளான்னு கேட்டேன், இருக்காவன்னு சொல்லிச்சு பிள்ள. இப்பமே வந்தா பாப்பாவளான்னேன், பாப்பாவன்னுச்சு. ஊசி மருந்து இருக்கான்னேன். எல்லாம் நெறைய இருக்குன்னுச்சு.”

நான் திரும்பி மகளைப் பார்த்தேன். சட்டத்தை மீறாத பெருமையோடு நின்றுகொண்டிருந்தாள்.

அன்றைக்கு டாக்டர் திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். அது எனக்குத் தெரியும். அரசு கால்நடை ஆஸ்பத்திரியில் நேரம் முடிந்து பூட்டியிருப்பார்கள், அதுவும் தெரியும். ‘டாக்டர் இல்லை அக்கா’ என்று அப்போதே சொல்லியிருந்தால் இதை எழுதும்போது எனக்குக் காது சூடாகாது. ஆனால் ஆட்டின் வயிற்றில் இடது கையை வைத்துக்கொண்டு அந்த அம்மா என் முகத்தைப் பார்த்த பார்வைக்கு முன்னால், என் வாய் இருபத்தைந்து வருஷப் பழக்கத்தில் தானாகத் திறந்தது.

“இந்தா, இப்ப வந்துருவாவ.”

ஆட்டோக்காரரும் நானுமாக ஆட்டைத் தூக்கிக் கடைக்குள் சாக்கில் படுக்க வைத்தோம். அவருக்கு வேறு சவாரி, கிளம்பிவிட்டார். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். (பாதி ஷட்டர் போட்ட கடையை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். உதவிக்கும் வர மாட்டார்கள். இரண்டாவது எனக்குப் பிறகுதான் தோன்றியது.)

சண்முகத்தாயி அக்கா பேசிக்கொண்டே ஆட்டைத் தடவிக்கொடுத்தார். முப்பது உருப்படி ஆடு இருந்ததாம். நோய் வந்து பாதி போக, மீதியை விற்றுத்தான் புருஷனை வெளியூர் வேலைக்கு அனுப்பியிருக்கிறார். மிச்சம் இந்த ஒன்று. இதன் வயிற்றில் இருப்பதில் இருந்துதான் மறுபடி மந்தை பிடிக்க வேண்டும். விடியற்காலையிலிருந்து முக்குகிறது, குட்டி வரவில்லை.

“எத்தனையோ ஆட்டுக்கு நானே கைய விட்டு எடுத்திருக்கேன் அண்ணாச்சி. இந்த நேரம் பாத்துக் கருவேல முள்ளு ஏறி, கை பாருங்க, இட்லி மாதிரி வீங்கிக் கெடக்கு. வெரல மடக்க முடியல. இடது கை எனக்குச் சோறு அள்ளக்கூட வராது.”

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். ஆடு முனகுவது குறைந்துகொண்டே வந்தது. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தால் கெட்டது என்று தெரிந்தது.

“டாக்டர் எங்கன வாராவன்னு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன் அண்ணாச்சி.”

நடைக்குப் போனேன். ரிசீவரை எடுத்தேன். அவருக்குப் போன் செய்தால் வர முடியாது என்பார். அதை நான் இந்த அம்மாவிடம் வந்து சொல்ல வேண்டும். கொய்ங் என்று அடித்துக்கொண்டிருந்த வெறும் டயல் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு நான் பேச ஆரம்பித்தேன்.

“ஆமா டாக்டர்... சரி டாக்டர்... வந்துட்டே இருக்கீங்களா? சரி, சரி.”

பக்கத்தில் நின்ற தர்ஷினி என்னை அண்ணாந்து பார்த்தாள்.

“அப்பா, நீங்க நம்பரே போடலையே!”

கடையில் இருந்த அக்காவுக்கும் அது கேட்டிருக்கும். ரிசீவரைப் பிடித்தபடி நான் நடையிலேயே நின்றேன். அந்த இடத்தில் ஒரு குழி இருந்திருந்தால் இறங்கி, மேலே மூட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டிருப்பேன்.

“அண்ணாச்சி,” என்று அக்காவின் குரல் கேட்டது. கத்தவில்லை. “இங்கன வாங்க. நெசத்தச் சொல்லுங்க. டாக்டர் வாராவளா, வரமாட்டாவளா?”

“டாக்டர் இல்லக்கா. திருநவேலியில இருக்காவ. காலைலயும் இல்ல. பிள்ள தெரியாமச் சொல்லிட்டு. நான் தெரிஞ்சே சொல்லிட்டேன்.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தலையை மட்டும் குனிந்துகொண்டார். “இத போன்லயே சொல்லியிருந்தா நான் நாகலாபுரம் போயிருப்பேனே. அங்கன ஒருத்தர் இருக்காரே. வாயில்லாச் சீவன இம்புட்டுத் தூரம் குலுக்கிக் கொண்டாந்துட்டேனே.”

அப்போதுதான் நான் என் வாழ்நாளில் முதல்முறையாக ஓடிப்போய்ப் போன் செய்தேன். டாக்டர் நம்பர் சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தது. அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார்.

பின்னால் நாதஸ்வரம் காதைக் கிழித்தது. “யாருலே? செல்வராசா? நீயா போன் பண்ணுத? வீட்டுல யாருக்கு என்னலே?”

சொன்னேன். அவர் இரண்டு கெட்ட வார்த்தை சொன்னார். (அவை எனக்கு உரியவை, இங்கே வேண்டாம்.) பிறகு சொன்னார்: “அந்தம்மா கைய விட முடியாதுன்னா நீ விடு. நகத்த வெட்டு. சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவு. எண்ணெயத் தடவு. நான் லைன்லயே இருக்கேன்.”

“டாக்டர், எனக்கு ரத்தம் பாத்தா—”

“உனக்கு மனுசனப் பாத்தாலே ஆகாது. போலே!”

இங்கே ஒரு சிக்கல். போன் நடையில் பலகை மேல். ஆடு கடையில். சுருள் ஒயரை எவ்வளவு இழுத்தாலும் நடை வாசலுக்குத்தான் வந்தது. பழைய போன், ஸ்பீக்கர் கிடையாது. அக்காவின் போனில் காலையிலேயே சார்ஜ் தீர்ந்திருந்தது. என் போன் பூட்டிய பீரோவுக்குள். ஆக, ரிசீவரைப் பிடித்துக்கொண்டு ஒயர் விறைக்கிற தூரத்தில் வாசலில் நின்று, அவர் சொல்வதை எங்களுக்கும் நாங்கள் சொல்வதை அவருக்கும் சொல்ல ஒரு ஆள் வேண்டும். வீட்டில் இருந்தது ஒரே ஆள்தான். ஆறு வயது, முன்பல் கிடையாது.

“பாப்பா, டாக்டர் தாத்தா சொல்லுதத அப்படியே எனக்குச் சொல்லணும்.”

தலையாட்டினாள்.

கழுவிவிட்டு வந்து மண்டி போட்டேன். என் கையைக் கனகா முருங்கைக்காய் என்பாள், அவ்வளவு ஒல்லி. வாழ்க்கையில் முதல்முறையாக அதற்கு மரியாதை கிடைத்தது. “நல்ல கை அண்ணாச்சி, பையப் பைய விடுங்க,” என்று ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார் அக்கா. விட்டேன். உள்ளே சூடு. வழவழப்பு. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“மூக்கு தெரியுதான்னு கேக்காவ!” என்று கத்தினாள் தர்ஷினி.

“தெரியுது!”

“காலு ரெண்டும் இருக்கான்னு கேக்காவ!”

நான் விரலால் துழாவினேன். ஒரு குளம்பு கிடைத்தது. இன்னொன்று எங்கே? தேடிக்கொண்டிருந்தேன். என் வாய் திறப்பதற்குள் அவளாகவே போனில் பதில் சொல்வது எனக்குக் கேட்டது. சட்டப்படியான பதில்.

“இருக்கு.”

“அப்ப இழுக்கச் சொல்லுதாவப்பா! பலமா இழுக்கணுமாம்!”

கிடைத்த காலைப் பிடித்தேன். இழுத்தேன். ஆடு அலறிய அலறலில் நான் பின்னால் சாய்ந்துவிட்டேன். அக்கா என் முழங்கையை இடது கையால் இறுக்கிப் பிடித்தார்.

“நிறுத்துங்க! ஒரு காலுதான வருது? இன்னொண்ணு மடங்கிக் கெடக்கு. இப்படி இழுத்தா ரெண்டும் செத்துப்போகும் அண்ணாச்சி!”

“ஏட்டி! ரெண்டு காலு இல்ல! ஒண்ணுதான் இருக்கு! சொல்லு!”

தர்ஷினி ரிசீவரைக் காதில் வைத்தபடி அசையாமல் நின்றாள்.

“அப்பா... போன்ல அப்படிச் சொல்லக் கூடாதுல்லா?”

பாதி இறக்கிய ஷட்டருக்குள், ஆட்டின் வயிற்றில் முழங்கை வரை கையை வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் உரக்கப் பேசாத நான் தெருவே கேட்கக் கத்தினேன்: “இல்லைன்னா இல்லைன்னு சொல்லுட்டீ! இனிமே இல்லைன்னே சொல்லு!”

அவள் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். “தாத்தா, காலு இல்ல. ஒரு காலு இல்ல.”

பிறகு வந்ததெல்லாம் விக்கலோடு வந்தது. “தலைய உள்ள தள்ளணுமாம்... பைய... இழுக்கக் கூடாதாம்... மடங்குன காலத் தேடணுமாம்... குளம்ப உள்ளங்கையால மூடிக்கிடணுமாம், இல்லைன்னா கிழிச்சிருமாம்... தாத்தா வீட்டுல மேளம் அடிக்காவ, கேக்கல... தாத்தா, மேளத்த நிறுத்தச் சொல்லுங்க!”

அங்கே கல்யாணச் சாப்பாட்டு நேரமாம், பக்கத்திலேயே மேளம். டாக்டர் பந்தியை விட்டு எழுந்து தெருவுக்கு ஓடியிருக்கிறார்.

தலையைத் தள்ளினேன். ஆட்டின் வயிறு என் கையை நசுக்கியது. விரல் மரத்துப்போனது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. முட்டி ஒன்று தட்டுப்பட்டது. அதன் வழியே போனேன். குளம்பு. உள்ளங்கையில் மூடி, மெதுவாக முன்னால் கொண்டுவந்தேன்.

“ரெண்டு காலு இருக்கு,” என்றேன். குரல் வரவில்லை. அக்காதான் கத்திச் சொன்னார்.

“நெசமாவான்னு கேக்காவ,” என்றாள் தர்ஷினி.

“நெசமா!”

ஆடு முக்கியது. நான் கீழ்நோக்கி இழுத்தேன். வழுக்கிக்கொண்டு என் மடியில் வந்து விழுந்தது குட்டி. கறுப்பு. ஈரத் துணி மாதிரி துவண்டு கிடந்தது.

“மூச்சு இருக்கான்னு கேக்காவ.”

நானும் அக்காவும் குனிந்து பார்த்தோம். தர்ஷினியும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவளே சொன்னாள், மெதுவாக, யாரையும் கேட்காமல்.

“இல்ல தாத்தா.”

ஒரு பிள்ளை உண்மை சொல்லி நான் பயந்தது அன்றைக்குத்தான். “மூக்குல வைக்கோல விட்டுக் கொடையணுமாம்! பின்னங்காலப் பிடிச்சுத் தொங்கவிட்டு ஆட்டணுமாம்!” அக்கா இடது கையால் மூக்கைத் துடைத்தார். நான் சாக்கிலிருந்து ஒரு துரும்பை உருவிக் குடைந்தேன். தொங்கவிட்டு ஆட்டினேன். மறுபடி குடைந்தேன். அக்கா வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே விலாவைத் தேய்த்தார். தேய்த்தார்.

குட்டி தும்மியது.

“இருக்கு!” என்று தர்ஷினி குதித்த குதியில் போன் பெட்டி பலகையிலிருந்து கீழே விழுந்தது. ஒயர் அறுந்துபோகவில்லை. ரிசீவருக்குள் டாக்டர் கத்துவது எனக்கே கேட்டது: “நெசமான ‘இருக்கு’வா, கடைக்கார ‘இருக்கு’வா?”

அக்கா அழுதார். நானும் அழுதிருக்கலாம், முகமெல்லாம் ஈரமாக இருந்ததால் சரியாகத் தெரியவில்லை. குட்டியைத் துடைத்து ஆட்டின் முகத்துக்கு நேராக வைத்தோம். அது நக்க ஆரம்பித்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம்.

“அப்பா, இன்னொண்ணு இருக்கு.”

“இருக்கட்டும்ட்டி.”

“பெரியம்மா, இன்னொண்ணு இருக்கு.”

“சரி தாயி.”

அன்றைக்கு அவள் சொன்ன ‘இருக்கு’களின் லட்சணம் எங்களுக்குத் தெரியும் என்பதால் இரண்டு பேருமே திரும்பவில்லை. அவள் என் தோளைப் பிடித்துத் திருப்பிய பிறகுதான் பார்த்தோம். ஆட்டின் பின்பக்கம் இன்னொரு குட்டி, யார் உதவியும் இல்லாமல் வந்து, சாக்கில் உட்கார்ந்து காதை ஆட்டிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் கனகா வந்தாள். பட்டுச் சேலையோடு ஷட்டரைக் குனிந்து நுழைந்தவள், பருத்தி விதை மூட்டைக்குப் பக்கத்தில் ஆட்டையும், இரண்டு குட்டிகளையும், சட்டையில்லாத என்னையும், அழுது சிவந்த மகளையும், அறிமுகமில்லாத ஒரு அம்மாவையும் வரிசையாகப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

“பீரோப் பூட்ட ஒடைக்க வேண்டியதுதான?”

“தோணல.”

“மூணு கடை தள்ளி தையல்காரர் இருக்காரு. அவர்ட்ட போன் இல்லையா?”

“கேக்கக் கூச்சமா இருந்துச்சு.”

அவள் சண்முகத்தாயி அக்காவைப் பார்த்தாள். அக்கா அவளைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். எவ்வளவு நேரம் சிரித்தார்கள் என்றால், நான் போய்க் குளித்துவிட்டே வந்துவிட்டேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் எதற்காவது ‘இருக்கு’ என்று சொன்னால் கனகா உடனே நம்புவதில்லை. “தேங்கா இருக்கா?” என்பாள். “இருக்கு” என்பேன். “ஒரு காலா, ரெண்டு காலா?” என்பாள். விருந்தாளிகள் விழிப்பார்கள். தர்ஷினி அவர்களுக்கு முதலிலிருந்து கதையைச் சொல்வாள். வெறும் டயல் சத்தத்தோடு நான் பேசிய இடத்தை மட்டும் இரண்டு தடவை நடித்துக் காட்டுவாள்.

அக்கா அன்று ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கினார். மறுநாள் திங்கட்கிழமை காலை எட்டரை மணி பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டேன். கண்டக்டர் ஆட்டுக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். கூடையில் இருந்த குட்டிகளுக்குப் போடவில்லை.